கைதட்டல் முடிந்தது... கணக்கு நோட்டு என்ன சொல்கிறது?

வெற்றிக்கு வழி காட்டும் ‘கோச்’கள் பெருகிவிட்டார்கள். யாரிடம் போகலாம், எதற்குப் போகலாம், எப்போது பர்ஸை மூடிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஏ.சி. ஹாலில் இருநூறு நாற்காலிகள். முன்வரிசைக்குத் தனிக் கட்டணம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் வாசலிலேயே கைதட்டி வரவேற்கிறார்கள். ஸ்பீக்கரில் காதை அடைக்கும் பாட்டு. மேடையேறியவர் முதலில் கேட்கும் கேள்வி: “உங்கள்ல எத்தனை பேருக்குக் கோடீஸ்வரன் ஆகணும்?” எல்லாக் கையும் உயர்கிறது. அப்புறம் அவருடைய சொந்தக் கதை: கடன், அவமானம், ஒரு திருப்பம், இன்று வாசலில் நிற்கும் கார். மதியச் சாப்பாட்டுக்குள் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் நாலரைக்கு விஷயத்துக்கு வருகிறார். ஆறு மாத ‘பிளாட்டினம்’ பேட்ச். நிஜ விலை ஒன்று. இன்று, இந்த ஹாலில், முதல் இருபது பேருக்கு மட்டும் அதில் பாதி. பின்வரிசைக்கு அப்பால் கார்டு தேய்க்கும் மெஷினோடு மேஜைகள் தயாராக இருக்கின்றன. இ.எம்.ஐ. வசதியும் உண்டு.

கோவை, திருப்பூர், மதுரை, சென்னை என்று எந்த ஊரிலும் பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. 99 ரூபாய் வெபினாரில் தொடங்கி லட்சங்களில் முடிகிற படிக்கட்டு. இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் ஏமாளிகள் இல்லை. நாலு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவர், ஜாப் ஒர்க் எடுக்கும் தையல் யூனிட்காரர், வேலையை விட்டுவிட்டு கேட்டரிங் தொடங்கிய பெண், அப்பாவின் ஜவுளிக் கடையை எடுத்து நடத்தும் மகன். ஓடி ஓடி உழைத்தும் மாதக் கடைசியில் கையில் ஏன் காசு நிற்பதில்லை என்பதை மனம்விட்டுப் பேச அவர்களுக்கு ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், வேலையாட்களிடம் சொல்ல முடியாது, போட்டிக்காரரிடம் வாயே திறக்கக் கூடாது. அந்தத் தனிமைக்கு ஒரு துணை தேவைதான். எந்த மாதிரித் துணை என்பதில்தான் கோளாறு.

கப்பல் விட்டவர் கொண்டுவந்த புத்தகம்

‘மனம் எப்படியோ வாழ்வு அப்படி’ என்ற பேச்சு யூடியூபோடு வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தொழிலதிபர். தூத்துக்குடியில் 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளைதான் அவர். 1908இல் கைதாகிச் சிறை சென்றவர், ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ ஆகியவை அப்படி வந்தவை.

அவர் வாழ்க்கையே ஒரு பாடமும் வைத்திருக்கிறது. வ.உ.சி.க்கு ஊக்கம் குறைவு, இலக்கு தெளிவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பங்கு திரட்டினார், கேலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டினார். எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை வெட்டிச் சாய்த்தது. அரசாங்கம் அவரையே தூக்கி உள்ளே போட்டது. கம்பெனி நொடித்தது. மனவலிமை அவரைச் சிறையில் உடையாமல் காத்திருக்கலாம். கம்பெனியைக் காக்க அது மட்டும் போதவில்லை. முதலீடு, போட்டியாளரின் பண பலம், சட்டம், காலம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு தொழிலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. ‘நீ தோற்றால் அது உன் மனநிலையின் தோல்வி’ என்று மேடையில் யாராவது அடித்துச் சொன்னால் வ.உ.சி.யை நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு வந்த அப்துற் றஹீம், அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பிய எம்.எஸ்.உதயமூர்த்தி போன்றவர்களின் சுயமுன்னேற்ற நூல்கள் ஒரு தலைமுறையையே நிமிர வைத்தன. அந்த ஊக்கம் புத்தக விலைக்குக் கிடைத்தது. இன்று விலைதான் மாறியிருக்கிறது. சரக்கில் பெரும்பகுதி அதேதான்.

கோச் என்றால் யார்?

மேடையில் பேசுகிறவர் பேச்சாளர். உங்கள் தொழிலை ஆராய்ந்து ‘இதைச் செய்யுங்கள்’ என்று சொல்பவர் ஆலோசகர். அதே தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டுவிட்டு உங்களைக் கைதூக்கி விடுபவர் மென்ட்டர். கோச் என்பவரின் வேலை இந்த மூன்றுமே இல்லை. கேள்வி கேட்பதுதான் அவர் வேலை.

இதன் வேர் டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. டிமோத்தி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1974இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘முழங்கையை இப்படி வை, தோளை அப்படித் திருப்பு’ என்று கத்துவதை நிறுத்திவிட்டு, பந்தின் தையல் கோட்டை மட்டும் கவனிக்கச் சொன்னால் ஆட்டக்காரர் தானாகவே திருந்துகிறார் என்பது அவர் கண்டது. கார் பந்தய வீரராக இருந்த பிரிட்டனின் ஜான் விட்மோர் இதை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். 1992இல் வந்த அவருடைய நூல் ‘க்ரோ’ என்ற நாலு படி முறையைப் பரப்பியது. என்ன வேண்டும்? இப்போது நிலவரம் என்ன? என்னென்ன வழிகள் இருக்கின்றன? எதை, எப்போது செய்யப்போகிறீர்கள்? உலகம் முழுக்க நல்ல கோச்கள் இந்த நாலைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்.

1995இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். மூன்று படிகளில் சான்றிதழ் தருகிறது. பயிற்சி வகுப்புகள் போக, வாடிக்கையாளரோடு உட்கார்ந்த அனுபவம் முதல் படிக்கு 100 மணி நேரம், இரண்டாவதுக்கு 500, உச்சிப் படிக்கு 2,500. ஆனால் இந்தியாவில் ‘கோச்’ என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. ஊசி போடுகிறவருக்குப் பதிவு எண் கேட்கிறோம். வாழ்க்கையை மாற்றுகிறேன் என்பவரிடம் எதையும் கேட்பதில்லை.

மேடையில் உலவும் மூன்று கதைகள்

முதல் கதை: ‘1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் 3 சதவிகித மாணவர்கள் மட்டும் இலக்கை எழுதி வைத்தார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் மீதி 97 சதவிகிதத்தினரின் மொத்தச் சொத்தைவிட இவர்கள் சொத்து அதிகம்.’ கேட்கப் பிரமாதமாக இருக்கும். அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை. தேடிப் போனவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே தடயம் கிடைக்கவில்லை.

இரண்டாவது: ‘21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்.’ லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக எடுத்த காலம் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடவில்லை என்பது அதில் கிடைத்த இன்னொரு நல்ல சேதி. 22ஆம் நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் ‘நான் லாயக்கில்லை’ என்று விட்டவர்கள், தாராளமாகத் திரும்பத் தொடங்கலாம்.

மூன்றாவது: ‘கண்ணை மூடி வெற்றியைப் பாருங்கள், பிரபஞ்சம் கொண்டுவந்து தரும்.’ உளவியல் பேராசிரியர் கேப்ரியேலே ஓட்டிங்கன் பட்டம் முடிக்கும் மாணவர்களைப் பின்தொடர்ந்தார். நல்ல வேலை கிடைத்ததாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள், இரண்டு வருஷம் கழித்துக் குறைவான சம்பளத்தில் இருந்தார்கள். அவர்கள் விண்ணப்பம் போட்டதும் குறைவு. கிடைக்கும் என்று நிதானமாக நம்பியவர்களோ நன்றாகவே இருந்தார்கள். நம்பிக்கைக்கும் கனவுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருக்கிறது. கனவில் சாப்பிட்டவருக்குப் பசி எடுப்பதில்லை.

நிஜமாகவே பலித்தது எது?

அப்படியானால் பயிற்சியே வீணா? இல்லை. பலித்த உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓர் ஒற்றுமையும் இருக்கிறது.

மும்பைக்குப் பக்கத்தில் குடும்பங்கள் நடத்தும் பருத்தித் துணி ஆலைகளில், 2008 வாக்கில் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சர்வதேச ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி, சில ஆலைகளுக்கு இலவசமாக மாதக்கணக்கில் உதவி கொடுத்தார்கள். மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. நூல் மூட்டைக்குச் சீட்டு ஒட்டு. எந்தத் தறியில் என்ன பழுது என்று தினம் எழுது. பழுதான துணிக்குக் காரணம் குறி. காலையில் பத்து நிமிஷம் எல்லோரும் கூடிப் பேசு. இவ்வளவுதான். ஒரே வருஷத்தில் உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் கூடியது. ‘இதை ஏன் முன்பே செய்யவில்லை’ என்பதற்குக் கிடைத்த பதில்தான் நமக்கு முக்கியம். பெரும்பாலான முதலாளிகள் ‘நம்மிடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்றே நினைத்திருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்களோ, அதைப் பொறுத்தே கம்பெனியின் அளவும் இருந்தது. வெளியாள் கையில் சாவி கொடுக்க மனம் வரவில்லை. ஈரோட்டிலும் சிவகாசியிலும் இதைப் படிக்கிறவர்கள் லேசாகச் சிரிக்கக்கூடும்.

மனநிலைப் பயிற்சிக்கும் ஒரு சாட்சி உண்டு. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு, மார்க்கெட்டிங் என்று வழக்கமான பாடம். இன்னொரு பிரிவுக்கு, தானாக முன்வந்து புதிதாக முயல்வது, தடை வந்தால் மாற்று வழி யோசிப்பது என்ற பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. 2017இல் வெளியான முடிவு: இரண்டாவது பிரிவின் லாபம், ஒன்றும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் 30 சதவிகிதம் கூடியது, வழக்கமான பாடத்துக்கு உறுதியாகச் சொல்லும்படி பலன் இல்லை. ஆக, மனசு முக்கியம்தான். ஆனால் அங்கே வகுப்பு முடிந்த பிறகும் பயிற்சியாளர் மாதம் ஒருமுறை கடைக்கே வந்து, ‘சொன்னதில் எது செய்தீர்கள்?’ என்று கேட்டார்.

டொமினிகன் குடியரசில் நடந்த மூன்றாவது சோதனையில் ஜெயித்தது முறையான கணக்குப் பாடம் அல்ல, எளிய விதிகள்தான். அதில் ஒன்று: வீட்டுக் காசுக்கு ஓர் இடம், கடைக் காசுக்கு ஓர் இடம்.

மூன்றிலும் உள்ள ஒற்றுமை இதுதான்: சொல்லிவிட்டுப் போகவில்லை, திரும்ப வந்து பார்த்தார்கள். அல்லது, மறுநாள் காலையிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள்.

‘பணம் ரொட்டேஷன்ல இருக்கு’

நம் ஊர்ச் சிறுதொழிலில் அதிகம் கேட்கும் வசனம் இது. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் நாலு லட்சத்துக்கு பில் போடும் ஒரு பட்டறை. பார்ட்டிகள் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அப்படியானால் எந்த நேரத்திலும் 12 லட்சம் வெளியே நிற்கிறது. அந்த ஓட்டையை 12 சதவிகித வட்டிக் கடனில் அடைத்தால் மாதம் 12,000 ரூபாய் வட்டி. கைமாற்றுக் கடன், மீட்டர் வட்டி என்றால் கேட்கவே வேண்டாம். பாக்கிக் காலத்தை 45 நாளாகக் குறைத்தால் 6 லட்சம் கைக்கு வரும், வட்டி பாதியாகும். ஒரு புது ஆர்டர்கூடப் பிடிக்காமல் வந்த லாபம் இது.

அடுத்தது விலை. 100 ரூபாய்க்கு விற்கும் பொருளின் அடக்கம் 75. மிச்சம் 25. பார்ட்டி அழுத்துகிறார் என்று பத்து ரூபாய் இறக்குகிறீர்கள். இப்போது மிச்சம் 15. முன்பு நூறு உருப்படி விற்றுக் கிடைத்த லாபத்தை எடுக்க, இனி 167 விற்க வேண்டும். பத்து சதவிகிதம் தள்ளுபடிக்கு 67 சதவிகிதம் கூடுதல் உழைப்பு! அந்த 67க்கு மெஷின் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா, ஓவர்டைம் கூலி யார் தருவது? ‘டர்னோவரை ஏத்துங்க’ என்று மேடையில் முழங்குபவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவரை நம்பலாம்.

பாக்கி வசூலுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2006ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும், ஒப்பந்தம் எதுவானாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கெடு தாண்டினால், பணத்தைக் கொடுத்து முடிக்கும் வரை வாங்கியவர் அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் ‘45 நாள்’ என்ற வரியையும் அச்சடித்தாலே சில பார்ட்டிகளின் அக்கவுன்டன்ட் நிமிர்ந்து உட்காருவார். ‘பார்ட்டி கோவிச்சுக்குவாரே’ என்ற பயம் நியாயமானதுதான். அதை எப்படிப் பேசுவது, எந்தப் பார்ட்டியிடம் முதலில் பேசுவது என்று ஒத்திகை பார்க்கத்தான் கோச் வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு

தொழில் வெற்றி ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசுவது வழக்கம். சிறுதொழிலில் இரண்டும் ஒரே கல்லாவில்தான் கிடக்கின்றன. பள்ளிக் கட்டணம் கரன்ட் அக்கவுன்ட்டிலிருந்து போகும். வேலையாள் சம்பளத்துக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போகும். இதற்கு முதல் மருந்து, முதலாளி தனக்கென்று மாதச் சம்பளம் நிர்ணயித்து அதற்குள் வீட்டை நடத்துவது. இரண்டாவது, உண்மையான கடன் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது. பல வீடுகளில் இது தெரியவரும்போது நோட்டீஸ் கதவில் ஒட்டியிருக்கிறது.

உடம்பு, நேரம், கோபம் போன்றவற்றுக்கு ‘இனிமேல் திருந்துகிறேன்’ என்ற சபதம் உதவுவதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து நிறுவிய ஓர் எளிய உத்தி உண்டு: ‘இது நடந்தால் இதைச் செய்வேன்.’ ‘தினம் நடப்பேன்’ என்பது ஆசை. ‘பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டதும் அப்படியே மைதானத்தை நாலு சுற்று சுற்றுவேன்’ என்பது திட்டம். ‘வேலையாட்களிடம் கத்த மாட்டேன்’ என்பதைவிட ‘பழுது வந்தால் முதலில் சாம்பிளைக் கையில் எடுத்துப் பார்ப்பேன், அப்புறம் பேசுவேன்’ என்பது நிற்கும். இந்த உத்தியைப் பற்றிய 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, கணிசமான பலன் இருப்பதாக 2006இல் எழுதினார்கள்.

பணம் கட்டும் முன்...

கார்டை எடுப்பதற்கு முன் சில கேள்விகள். இதற்கு முன் உங்களிடம் வந்தவர்களில் என் தொழிலைச் செய்பவர் இரண்டு பேரின் நம்பர் தருவீர்களா? உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறது, தொழில் நடத்தியா, வகுப்பு நடத்தியா? மூன்று மாதத்தில் என்னுடைய எந்த எண் மாறும்? எனக்குப் பலிக்கவில்லையென்றால் மீதிப் பணம் திரும்புமா, எழுதித் தருவீர்களா? ‘இன்று மட்டும் சலுகை’ என்றால் இன்று வேண்டாம் என்பதே சரியான பதில். அமெரிக்காவின் பிரபல எக்ஸிக்யூட்டிவ் கோச் மார்ஷல் கோல்ட்ஸ்மித், வாடிக்கையாளர் மாறியதை அவரைச் சுற்றியிருப்பவர்கள் சொன்னால்தான் கட்டணம் வாங்குவது என்ற முறையை வைத்திருந்தவர். அந்த அளவுக்கு நம் ஊரில் எதிர்பார்க்க முடியாவிட்டாலும், மாத மாதம் கட்டுவதாகவாவது கேட்டுப் பார்க்கலாம். புதிதாக ஆள் சேர்த்துவிட்டால் உங்கள் ஃபீஸ் கழியும் என்று யாராவது சொன்னால் அது கோச்சிங் அல்ல, சங்கிலி வியாபாரம். பொய் விளம்பரத்தால் பணம் போயிருந்தால் 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதிகச் செலவில்லாத வழிகளும் உண்டு. மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன. சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது. 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி டிரஸ்ட், இளம் தொழில்முனைவோருக்கு வங்கிக் கடனோடு ஒரு மென்ட்டரையும் சேர்த்துவிடுகிறது. கோவை கொடிசியா போன்ற தொழில் சங்கங்களின் மாதக் கூட்டத்தில் டீ குடித்துக்கொண்டே கிடைக்கும் யோசனைக்கு எந்தப் பிளாட்டினம் பேட்ச்சும் ஈடாகாது. மனச்சோர்வு, தூக்கமின்மை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் கோச்சிடம் போகவே கூடாது. மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மும்பை ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் எட்டு, ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பப் போனார்கள். கற்றுக்கொடுத்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மானேஜர் வேறு வேலைக்குப் போயிருந்தார், அல்லது முதலாளிக்கு நேரமில்லை. இருந்தும், உதவி பெறாத ஆலைகளைவிட இவை முன்னால்தான் இருந்தன. நல்ல யோசனை பாதி கரைந்த பிறகும் பலன் தருகிறது. அந்தப் பாதி கரைவதோ, அதைப் பிடித்துக்கொள்ள ஆள் நியமிக்காததால். ஆகவே எந்தக் கோச்சிடமும் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி, ‘நான் எப்போது கோடீஸ்வரன் ஆவேன்’ என்பதல்ல. ‘நீங்களும் வராத, நானும் ஊரில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை என் பட்டறையின் கணக்கு நோட்டை யார் எழுதுவார்?’ என்பதுதான். அந்த ஆளின் பெயரை முடிவுசெய்ய உங்களுக்கு உதவுகிறவருக்கு, தாராளமாக ஃபீஸ் கொடுக்கலாம்.